பழைய ஒளிப்படக் கருவி: விலை வேறு, மதிப்பு வேறு



கடந்த சில ஆண்டுகளாகப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே வகையான வினாவைக் கேட்டு வருகின்றனர். தாத்தா காலத்து மரப்பெட்டி ஒளிப்படக் கருவி ஒன்று வீட்டில் கிடக்கிறது. அது விக்டோரியா அரசியின் காலத்தது என்று யாரோ சொன்னார்கள். விற்றால் எவ்வளவு கிடைக்கும்? நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் எனக்குப் பழம்பொருளின் சந்தை விலையும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள் போலும்!

இவ்வினா பெருகியதற்குக் காரணம் ஒரு செய்தி. 2022 ஜூன் மாதத்தில் லைட்ஸ் போட்டோகிராபிகா ஏலத்தில் ஒரு லைக்கா ஒளிப்படக் கருவி 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. உலகில் இதுவரை ஏலத்தில் விற்ற கருவிகளுள் அதுவே மிகுந்த விலை பெற்றது என்று ஏடுகள் எழுதின. அச்செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, பரணில் தூசி படிந்த ஒவ்வொரு பெட்டியையும் புதையலாக்கிவிட்டது. ஆனால் அந்த லைக்கா விக்டோரியா காலத்தது அன்று. 1923ஆம் ஆண்டு சோதனைக்காகச் செய்யப்பட்ட ஏறத்தாழ 23 கருவிகளுள் ஒன்று. அதனைப் பயன்படுத்தியவர் லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக். அவர் பெயர் அதன்மீதே பொறிக்கப்பட்டிருந்தது. அந்த விலைக்குக் காரணம் அப்பெயர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இருக்கும் பழைய கருவிகளுள் பெரும்பாலானவற்றுக்குச் சந்தையில் பெருவிலை கிடையாது. ஆனால் அக்கருவி எடுத்த படங்களுக்கும், அதனைக் கையாண்டவரின் கதைக்கும், நம் இனத்தைப் பொறுத்தவரை ஈடில்லாத மதிப்பு உண்டு. நாமோ பெட்டியை விற்பதற்கு விலை கேட்டு அலைகிறோம். படத்தைக் குப்பையில் போடுகிறோம். சாதிக்காய் விளையும் இந்தப் பாலிக் புலாவில் இருந்துகொண்டு சொல்கிறேன்: கொட்டையையும் பத்திரியையும் வீசிவிட்டு வெறும் தோலை மூட்டை கட்டுவதற்கு ஒப்பான செயல் இது.

விக்டோரியா காலக் கருவி என்பது யாது?

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை அரசாண்டவர். ஒளிப்படக் கலையும் ஏறக்குறைய அவரோடு பிறந்து வளர்ந்தது. 1839 ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிசில் டாகரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம்; அதற்குப் படி எடுக்க இயலாது. இங்கிலாந்தில் பாக்ஸ் டால்பட் 1841இல் காகித எதிர்ப்பட முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். காப்புரிமை கோராத அவர் 1857இல் வறுமையில் இறந்தார். 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். 1888இல் ஈஸ்ட்மன் நூறு படம் எடுக்கும் சுருளுடன் கோடக் கருவியை 25 டாலருக்கு விற்றார். 1900இல் அதே நிறுவனம் ஒரு டாலருக்குப் பிரௌனி கருவியைத் தந்தது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் அறிஞர்களின் ஆய்வுக்கூடத்திலிருந்து சிறுவர்களின் கைக்கு வந்து சேர்ந்த கருவி இது. எனவே 'விக்டோரியா காலத்தது' என்ற ஒரே சொல்லை வைத்து விலை பேசுவது, 'மரத்தில் காய்த்தது' என்று சொல்லி டுரியானுக்கும் பலாவுக்கும் ஒரே விலை கேட்பதைப் போன்றதாகும்.

நம் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. மலாக்காவில் பிறந்தவரும், இளமையில் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, 1849இல் வெளிவந்த தம் 'ஹிக்காயத் அப்துல்லா'வில், சிங்கப்பூர் நகரம் தகடொன்றில் படமாகப் பதிந்திருந்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு மிகவும் பிந்தி இக்கலை நம்மிடம் வரவில்லை என்பதற்கு அது சான்று.

சேகரிப்பாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

பழமைக்கு மட்டும் எந்தச் சேகரிப்பாளரும் பணம் கொடுப்பதில்லை. அவர் பார்ப்பவை ஐந்து.

ஒன்று, அருமை. எத்தனை செய்யப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன? டாகரின் மேற்பார்வையில் ழிரூ என்பார் 1839இல் செய்த கருவி ஒன்று 2010இல் வியன்னா ஏலத்தில் 7 இலட்சத்து 32 ஆயிரம் யூரோவுக்குப் போனது. அதே ஆண்டில் சூஸ் சகோதரர்கள் செய்த இன்னொரு கருவி, பல்லாண்டுகள் பரணில் கிடந்தபின் 2007இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 88 ஆயிரம் யூரோ பெற்றது. இத்தகையவை உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இரண்டு, செய்தவர் யார் என்பது. பெயர்த்தகடு, முத்திரை, வரிசை எண் ஆகியவை இருக்கவேண்டும். ழிரூவின் கருவியில் டாகரின் கையொப்பமே இருக்கும். அதுவே அந்நாளில் உண்மைக் கருவிக்கு அடையாளம்.

மூன்று, முழுமை. பெட்டி, துருத்தி, வில்லை, தகட்டுச் சட்டம், முக்காலி ஆகிய யாவும் ஒரே தொகுதியாக இருந்தால் மதிப்புக் கூடும். பல வேளைகளில் பெட்டியைவிட வில்லைக்கே விலை மிகுதி. பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு அமைத்த வகை வில்லைகளையும், டால்மேயர், ராஸ் போன்ற நிறுவனங்களின் பித்தளைக்குழல் வில்லைகளையும், ஈரத்தகட்டு முறையை இன்று மீண்டும் கைக்கொண்டுள்ள கலைஞர்கள் தேடி வாங்குகின்றனர்.

நான்கு, நிலைமை. புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிய பித்தளை வாங்குபவரை விரட்டும். பழைய மெருகு போனால் போனதுதான். குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் நம் வீட்டார் முதலில் செய்வது இதுவே!

ஐந்து, வழிவரலாறு. யாரிடம் இருந்தது, என்ன படம் எடுத்தது, எப்படிக் கைமாறியது என்பதற்குச் சான்று. பார்னாக்கின் பெயர் ஒரு கருவியைக் கோடிகளுக்கு உயர்த்தியதை மேலே கண்டோம்.

வெப்ப நாடுகளுக்கென்றே செய்யப்பட்ட கருவிகளும் உண்டு. இந்தியாவிலும் மலாயாவிலும் வெயிலும் ஈரமும் மாறிமாறித் தாக்கப் பசை விட்டுப்போகும், பூச்சி அரிக்கும். ஆகவே தேக்கு மரத்தில் செய்து, மூட்டுகளைப் பித்தளைப் பட்டையால் பிணைத்தனர். இவ்வகைக் கருவிக்குச் சேகரிப்பாளரிடம் தனி விருப்பம் இருக்கிறது. நம் நாட்டுப் பருவநிலையே இங்கு விலைக்கு ஒரு காரணமாகிறது.

இவ்வைந்தும் கூடாத கருவிகளின் நிலை என்ன? விக்டோரியா ஆட்சியின் கடைசி இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் மகோகனி மரத்தாலும் பித்தளையாலும் ஆன மடக்குக் கருவிகளைப் பல தொழிற்கூடங்கள் ஏராளமாகச் செய்து தள்ளின. அவை அழகானவை, அரியவை அல்ல. நல்ல நிலையில் இருந்தாலும் பெரும்பாலும் சில நூறு பவுண் அளவில் முடிந்துவிடும். பிரௌனி பெட்டியோ முதல் ஆண்டிலேயே ஓர் இலட்சத்துக்கு மேல் விற்றது. அதன் பிந்திய வகைகள் இன்றும் கிடைப்பதால் பெரிய விலை எதிர்பார்க்க இயலாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேரளத்து ஆலப்புழையில் 1940களில் தொடங்கி வாகீஸ்வரி என்னும் பெயரில் மரக் கருவிகள் செய்யப்பட்டன. இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த குடும்பம் அது. ஆர்மோனியத்துக்கும் துருத்தி, ஒளிப்படக் கருவிக்கும் துருத்தி! கைவந்த தொழில் புதுத்துறைக்குள் நுழைந்தது. பல பத்தாண்டுகள் இந்திய ஒளிப்பட நிலையங்களில் நின்ற இக்கருவிகள், பார்ப்பதற்கு விக்டோரியா காலத்துக் கருவி போலவே இருக்கும். நம் தாத்தாக்கள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வாங்கி வந்தது இதுவாகவும் இருக்கலாம். இதனை விக்டோரியா காலத்தது என்று சொல்லி விற்பது பொய். ஆனால் நம்மவர் கைத்திறனுக்குச் சான்றாக அதனைப் போற்றுவதற்கு ஆங்கிலேய அரசியின் பெயர் எதற்கு? இவையன்றி, உணவகங்களை அழகுபடுத்தவே புதிதாகச் செய்து பழமைபோலத் தேய்த்து விற்கும் பெட்டிகளும் உலவுகின்றன. அவற்றில் ஒளி புகாத துருத்திகூட இராது.

பினாங்கில் இரு தமிழர்கள்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்தவர். சீனம், சயாம், கம்போடியா முதலிய நாடுகளைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர். அப்புகழுக்கு முன்னர், 1860களின் தொடக்கத்தில், பத்து மாதங்கள் பினாங்கில் தங்கி இத்தீவையும் அக்கரையிலுள்ள புரொவின்ஸ் வெல்லஸ்லியையும் படமெடுத்தார். அக்காலத்தில் அக்கரையில் கரும்புத் தோட்டங்கள்; அத்தோட்டங்களில் உழைத்தவருள் நம்மவர் பலர்.

1875இல் வெளிவந்த தம் பயண நூலில் தாம்சன் ஒரு செய்தியைக் கூறுகிறார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிப்பது ஏதோ மாய வித்தை என்று பிறர் அஞ்சி ஒதுங்கியதால், சென்னை மாகாணத்திலிருந்து வந்த இருவரைத் தமக்கு உதவியாளராகவும் படம் அச்சிடுபவராகவும் பயிற்றிக்கொண்டாராம். அந்நாளில் நம்மவரைச் சுட்ட 'கிளிங்' என்னும் சொல்லாலும் அவர்களைக் குறிக்கிறார். பெயரால் குறிக்கவில்லை.

அவ்விருவரும் என்ன வேலை செய்திருப்பார்கள் என்பதை அக்காலத் தொழில்முறையைக் கொண்டு அறியலாம். கண்ணாடித் தகட்டைத் துடைத்து மாசு நீக்கவேண்டும். கொலோடியன் பாகைச் சீராக ஊற்றிப் படரவிட்டு, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் உலரும் முன்பே படமெடுத்து, அப்பொழுதே வேதிநீரில் உருத்துலக்கவேண்டும். இவை அனைத்தும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடியவேண்டும். நம் தீவின் புழுக்கத்தில், இருட்டுக் கூடாரத்துக்குள், ஈதரின் நெடியில்! பிறகு முட்டை வெண்கருவும் உப்பும் பூசிய தாளை வெள்ளிநீரில் ஊட்டி, கண்ணாடி எதிர்ப்படத்தின்கீழ் வைத்து வெயிலில் காட்டி அச்சிடவேண்டும். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதைக் கண்ணும் கையும்தான் அறியும். அச்சிடுபவர் என்றால் வெறும் எடுபிடி அல்லர். பாதிப் படம் அவருடையது.

ஆக, 1860களிலேயே ஒளிப்படத் தொழில் கற்ற தமிழர் இருவர் பினாங்கில் இருந்தனர். நம் பள்ளிகளில் இதனை அறிந்த மாணவர் எத்தனை பேர்? ஆசிரியர் எத்தனை பேர்? 'தமிழர் இந்நாட்டுக்குப் பால் மரம் சீவ வந்தனர்' என்ற ஒற்றை வரியோடு நம் பிள்ளைகளின் வரலாறு முடிந்துவிடுகிறது. இரப்பர் வருவதற்கு முன்பே இங்குத் தமிழர் கையில் வேதிநீரும் கண்ணாடித் தகடும் இருந்தன என்று சொல்லும்போது வகுப்பறையில் ஒரு மாணவன் நிமிர்ந்து உட்காருகிறான். அந்த நிமிர்வுக்கு எந்த ஏலத்தில் விலை வைப்பது?

தாம்சன் இறந்தது 1921இல். அதே ஆண்டில் அவருடைய கண்ணாடி எதிர்ப்படங்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஹென்றி வெல்கம் வாங்கினார். அவை இன்றும் இலண்டனில் வெல்கம் சேகரிப்பில் உள்ளன. உலகெங்கும் ஆய்வாளர் தேடிச் செல்வது அத்தகடுகளைத்தான். தாம்சன் தோளில் சுமந்த மரப்பெட்டியை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை.

தமிழகத்திலும் இதே கதைதான். லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857, 1858ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி, ஓரடிக்கும் மேல் அகலமான எதிர்ப்படங்களில் கோயில்களைப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பத்தொன்பது அடி நீளத் தொடர்படமாக்கினார். தமிழ் எழுத்துகளுக்காக ஒளிப்படக் கருவி நடந்த நெடுநடை அது! செலவு மிகுதி என்று அரசு அப்பணியை 1860இல் நிறுத்திவிட்டது. டிரைப்பின் படங்களை வைத்து இன்று அக்காலக் கோயில்களின் நிலையை ஆராய்கின்றனர்.

இலங்கையிலும் ஒரு சான்று உண்டு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கிலாந்தில் பெரும்புலவர்களையும் அறிஞர்களையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அங்கு அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் குடியானவரும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் எடுத்த படங்களின்கீழ் பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவற்றின்கீழ் ஊரும் தொழிலும் இருக்கின்றன. பெயர் எழுதப்படாத முகங்கள் நம் பக்கத்து முகங்களாகவே இருப்பது தற்செயலா?

குப்பைக்குப் போன முகம்

மேற்சொன்னவை வெள்ளையர் செய்த விடுபாடு. நாமே செய்வதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, 'பழம்பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள்' என்று மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். வெற்றிலை இடிக்கும் உரல், செப்புக்காசு, சிவப்பு அடையாள அட்டை என்று பலவும் வந்தன. ஒரு மாணவி செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டொன்றைக் கொண்டு வந்தாள். "டீச்சர், இது பேய்ப்படம்" என்றாள். சன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எதிர்ப்படத் தகடு அது. கறுத்த இடம் வெளுத்தும், வெளுத்த இடம் கறுத்தும் தெரிந்தமையால் குழந்தைக்கு அது பேயாகத் தோன்றியது. நாற்காலியில் ஓர் இளம்பெண். மூக்குத்தி, பின்கொசுவம் வைத்த சேலை, மடியில் கைக்குழந்தை.

அன்று மாலையே அவள் தாயாரை அழைத்தேன். மாணவியின் பாட்டனாருக்குத் தந்தை, போருக்கு முன்பு அக்கரையில் ஒரு போட்டோக் கடையில் வேலை செய்தவராம். அவர் வைத்திருந்த மரக் கருவியும் பிஸ்கட் டின் நிறையத் தகடுகளும் வீட்டில் இருந்தனவாம். அதற்கு முந்திய மாதம் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்து கருவியை முந்நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிச் சென்றிருக்கிறார். தகடுகளைக் கேட்டதற்கு, "அது வேண்டாம், உடைந்தால் கையைக் கிழிக்கும்" என்றாராம். "பிள்ளைங்க இருக்கிற வீடு டீச்சர், அதான் குப்பை லாரியில போட்டுட்டோம். இவ ஒண்ணை மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா, எனக்கே தெரியாது" என்றார் தாயார்.

அந்த அம்மையாரை நான் குறைசொல்ல மாட்டேன். கையைக் கிழிக்கும் கண்ணாடி வேறு, முகம் வேறு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? முந்நூறு ரிங்கிட் நியாயமான விலையா என்பதும் இங்கு வினாவன்று. அந்தக் கருவியைப் போல் ஆயிரக்கணக்கில் உலகில் உண்டு. அந்த டின்னில் இருந்த தகடு ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்று. போருக்கு முந்திய தோட்டத்துத் திருமணமோ, சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் ஒரே படமோ அதில் இருந்திருக்கலாம். இனி யாரும் அறியமுடியாது.

விற்கவே கூடாதா?

'டீச்சருக்கு என்ன, பாடம் நடத்திவிட்டுப் போய்விடுவார். வீட்டுக் கடனை யார் கட்டுவது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான வினாவே. வறுமையில் இருப்பவரிடம் மரபு பற்றிப் பேசுவது எளிது. பணம் தேவைப்படின் கருவியைத் தாராளமாக விற்கட்டும். சேகரிப்பாளரிடம் போகும் கருவி பெரும்பாலும் கரையானிடம் போகும் கருவியைவிட நன்றாகவே வாழும். மும்பையில் திலீஷ் பரேக் என்பவர் 4,425 பழங்கருவிகளைச் சேர்த்து கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். ஆதித்ய ஆர்யாவின் சேகரிப்பு 2019இல் குருகிராமில் 'மியூசியோ கேமரா' என்னும் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. நம் ஜார்ஜ் டவுனிலும் 2010களில் லெபோ மன்றியில் ஒளிப்படக் கருவிகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் நடத்தப்பட்டது. இவர்கள் இல்லையேல் பல கருவிகள் விறகாகியிருக்கும்.

நான் வேண்டுவது முறைவரிசை ஒன்றைத்தான். முதலில் படம், பிறகு கதை, கடைசியில் விலை. படத்தையும் கதையையும் காத்துக்கொண்டபின் கருவியை விற்றால் குடும்பத்துக்கு இழப்பு குறைவு. வழிவரலாறு எழுதி வைத்த கருவிக்கு விலையும் சற்றுக் கூடும் என்பது ஊதியம்.

'இதையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும்' என்பார் சிலர். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் மரபுப் பொருள்களை உரிமமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. நன்று. ஆனால் அப்பட்டியல் தெருக்களையும் கட்டடங்களையும் காக்கும். நம் வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்காது. நம் பாலிக் புலாவோ அந்த எல்லைக்கு வெளியே, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களும் அழியும். கல்கத்தாவில் 1860களிலிருந்து புகழ்பெற்று விளங்கிய போர்ன் அண்டு செப்பர்டு நிலையத்தில் 1991இல் தீப்பற்றி அரும்படங்கள் பல எரிந்துபோயின. 2016இல் அந்நிலையமே மூடப்பட்டது.

செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைத் தேடி மின்வடிவாக்கினர். அவர்கள் தேடியவை அரசர் படங்கள் அல்ல. சிறு ஊர்களின் போட்டோக் கடைகளில் சாதாரண குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்கள். மலேசியத் தமிழருக்கு இத்தகைய முயற்சி தேவையில்லையா?

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பெற்றோர்க்கு:

1. பழைய கருவி கிடைத்தால் துலக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். பெயர்த்தகட்டையும் வில்லையிலுள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நம் நாட்டு ஈரத்தில் வில்லையில் பூஞ்சை படியும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள்.

3. கண்ணாடித் தகட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனிக் காகித உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், படம் உரிந்துவிடும்.

4. பழைய சுருள்களில் நைட்ரேட் வகையானவை எளிதில் தீப்பற்றும். பிசுபிசுத்து, பழுப்பேறி, நெடி வீசினால் அடுப்பங்கரையிலிருந்தும் வெயிலிலிருந்தும் அப்பால் வைத்து, அறிந்தவரைக் கேளுங்கள்.

5. கைப்பேசித் திரையையோ கணினித் திரையையோ வெண்மையாக ஒளிரவிட்டு, அதன்முன் தகட்டைப் பிடித்து இன்னொரு கைப்பேசியால் படமெடுங்கள். நிறத்தைத் தலைகீழாக மாற்றும் வசதி கைப்பேசியிலேயே உண்டு. பேய் மறைந்து பாட்டி தோன்றுவார்!

6. அச்சிட்ட படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஏறத்தாழ ஆண்டு எழுதுங்கள். மை ஊறிவிடும், பந்துமுனைப் பேனா தடம் பதித்துவிடும்.

7. குடும்பத்தில் காக்க இயலாதவற்றை அர்கிப் நெகாராவிடமோ பல்கலைக்கழகத்திடமோ கொடுக்க முன்வாருங்கள். தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறது.

ஆசிரியர்க்கு:

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் தன்னையும் குடும்பத்தையும் பள்ளியையும் அறிவதில் தொடங்குகிறது. இதைவிட வாய்ப்பு வேண்டுமா? 'வீட்டிலுள்ள மிகப் பழைய படம் எது? அதில் இருப்பவர் யாவர்? எடுத்தது எந்தக் கடையில்?' என்று மூன்றே வினாக்களைக் கொடுத்து, வீட்டு மூத்தவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவே வரலாற்றுத் திறன்; அதுவே தமிழ்க் கட்டுரைப் பயிற்சி; அதுவே கேட்டல் பேச்சுப் பயிற்சி. என் வகுப்பில் இதைச் செய்தபோது, பேரனிடம் ஆண்டுக்கணக்கில் நின்று பேசாத தாத்தா ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசியதாக அப்பையனே எழுதி வந்தான். அக்கட்டுரையில் எழுத்துப்பிழை இருபதுக்கு மேல் இருந்தது. ஆயினும் அவ்வாண்டு நான் படித்தவற்றுள் சிறந்தது அது.

பள்ளியின் ஆண்டு மலர்களையும் பழைய குழுப் படங்களையும் இதே முறையில் காக்கலாம். தோட்டப்புறப் பள்ளிகள் பல மூடப்பட்டும் இடம் மாறியும் போயின. அப்பள்ளிகளின் படங்களில் வரிசையாக நிற்கும் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டனர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குவது இயலாத செயலா? திரையில் ஒரு படத்தைக் காட்டி 'இவர் யார்?' என்று கேட்டால், வழக்கமாகக் கூட்டத்துக்கு வராத பாட்டிகளும் வருவார்கள்.

தாம்சனிடம் தொழில் கற்ற அவ்விருவருக்கும் நாம் இனிப் பெயர் சூட்ட இயலாது. நம் வீட்டுப் படங்களில் உள்ளவர்களுக்கு இன்னும் இயலும். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்வரைதான் இயலும். வருகின்ற பள்ளி விடுமுறையில் பரணில் ஏறுங்கள். கருவி கிடைத்தால் விலை கேட்பதற்குமுன் அதன் அருகில் தகடு, சுருள், உறை ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தவற்றை வீட்டுப் பெரியவரிடம் காட்டிப் பெயர்களை எழுதி வையுங்கள். எழுதியபின் எனக்கும் ஒரு வரி தெரிவித்தால் மகிழ்வேன்.